முற்றிய புற்றுநோய்: நண்பருக்குத் துணை நிற்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

கேள்வி: என் தோழிக்கு நான்காம் நிலைப் புற்றுநோய். "எது வேண்டுமானாலும் கேள்" என்று சொல்லி ஒரு மாதமாகிறது, சிஸ்டர். அவள் எதுவுமே கேட்கவில்லை.

பதில்: கேட்க மாட்டார். என்ன கேட்பது என்று யோசிக்கவே தெம்பு வேண்டும். "செவ்வாய்க்கிழமை கீமோவுக்கு நான் கூட வருகிறேன், வேண்டாமென்றால் சொல்" என்று நீங்களே பேச்சை எடுங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எந்த நாளில் வாந்தி, எந்த இரவு தூக்கமில்லை என்று எழுதுங்கள். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டும். அந்த நாட்களில் உங்கள் மேல் எரிந்து விழுந்தால் நோட்டில் குறியுங்கள், மனதில் குறிக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டில் வெப்பமானி இருக்கட்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். பல கீமோ மருந்துகளுக்குப் பின் 7 முதல் 14 நாட்களில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நண்பன் சாப்பிட மறுக்கிறான். வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். முற்றிய நிலையில் நோயே பசியை அடக்குகிறது, அது பிடிவாதமல்ல. அவர் கேட்கும் நேரத்தில், கேட்டதைக் கொஞ்சமாகக் கொடுங்கள். தட்டு அப்படியே திரும்பி வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

கேள்வி: மூலிகைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: மருத்துவரிடம் சொல்லாமல் கூடாது. சில மூலிகைகள் கீமோ மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டும், சில குறைக்கும்.

கேள்வி: நண்பருக்கு வலிக்கு மார்பின் என்ற மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ?

பதில்: வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவர்களிடம் அது அரிது. அந்தப் பயத்தில் வேளை தவறவிட்டு வலியில் துடித்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொண்டு, முதல் நாளிலேயே அதற்கும் மருந்து கேளுங்கள்.

கேள்வி: நோய்த்தணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) பிரிவைப் பார்க்கச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. கீமோ நடக்கும்போதே இதுவும் நடக்கலாம், நடக்க வேண்டும். 1967-இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் (ஹாஸ்பிஸ்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியோடு மனவலி, குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே வலி என்றார். அத்தனையையும் கவனிக்கும் பிரிவு இது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குத் தொடக்கத்திலேயே இதையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

அதே வாசகர்: ஓர் ஆய்வை வைத்து எப்படிச் சொல்கிறீர்கள்? நோய்த்தணிப்பு என்ற பெயரைக் கேட்டதுமே என் நண்பன் உடைந்துவிட்டான்.

மற்றொருவர்: என் அண்ணனும் அப்படித்தான் மறுத்தார். கடைசி வாரத்தில்தான் போனோம். இன்னும் முன்பே போயிருக்கலாமே என்று இன்றும் அழுகிறேன்.

பதில்: முதலாமவரின் கேள்வி நியாயமானது. ஆயுள் கூடும் என்று எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை. அந்த வாக்குறுதியை நான் தரமாட்டேன். வலியும் மூச்சுத்திணறலும் தணிந்து, பேச, உறங்க, கோபப்பட நேரம் கிடைப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். அவர் உடைந்தது பெயரால். "வலிக்கு ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று சொல்லி அழைத்துப் போங்கள், அது பொய்யல்ல. இரண்டாமவருக்கு: அந்தக் கடைசி வாரத்தில் நீங்கள் அவர் அருகில் இருந்தீர்கள்.

கேள்வி: மூலிகைப் பொடி என்றால் பரவாயில்லையா?

பதில்: சாறுக்குச் சொன்னதேதான். பொடிக்கும் மாத்திரைக்கும் அதேதான். தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: ஸ்கேன் அறிக்கை அனுப்பினால் எத்தனை மாதம் என்று சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். சிகிச்சை தரும் மருத்துவரிடம், நண்பரின் சம்மதத்தோடு கேளுங்கள்.

கேள்வி: நேற்று இரவு என் தோழிக்கு லேசான காய்ச்சல், 38.3. காலையில் குறைந்துவிட்டது. கீமோ முடிந்து பத்து நாள். அதைவிட, "நான் செத்துவிடுவேனா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

பதில்: முதலில் மருத்துவமனையை அழையுங்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே. குறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். போகும் வழியில், "நேற்று நீ கேட்டபோது பயந்து பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது கேட்கிறேன், உனக்கு எது பயமாக இருக்கிறது?" என்று சொல்லுங்கள். பிறகு அவர் பேசட்டும்.