கால் கறுப்பா, மஞ்சளா?

கேள்வி: மாரி தொடங்கினால் எங்கள் வளவு மாமரத்துக்கு ஒரு சின்னப் பழுப்புக் குருவி வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பாய்ந்து பூச்சி பிடித்துவிட்டு அதே கொப்புக்குத் திரும்பும். ஆசியப் பழுப்பு ஈபிடிப்பானா, பழுப்பு மார்பு ஈபிடிப்பானா?
– வாசகி, கோப்பாய்

பதில்: வளையம் இரண்டுக்கும் உண்டு. பருமனும் ஏறத்தாழ ஒன்றே, 13 செ.மீ. அளவு. இவற்றை வைத்து முடிவுகட்ட ஏலாது. காலைப் பாருங்கள்: கறுப்பென்றால் ஆசியப் பழுப்பு, வெளிறிய மஞ்சளோ தோல் நிறமோ என்றால் பழுப்பு மார்பு. குளிருக்கு இறகைச் சிலிர்த்தபடி குந்தியிருந்தால் கால் மறைந்துபோகும். பூச்சிக்குப் பாய்ந்து திரும்பி இறங்கும்வரை பொறுத்திருங்கள், அப்போது தெரியும்.

அடுத்தது சொண்டு. பழுப்பு மார்புக்குக் கீழ்ச்சொண்டு முழுக்க மஞ்சள். மற்றதற்கு அடிப்பாகம் மட்டும் வெளிறி, நுனி கறுத்திருக்கும். பிழை விடுவது இங்கேதான். மரத்தின் கீழ் நின்று அண்ணாந்தால் வெளிறிய அடிப்பாகம்தான் கண்ணில் படும், முழுச் சொண்டும் மஞ்சள் என்று குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பக்கவாட்டில் ஒருதரம் பார்க்காமல் பெயர் எழுதவேண்டாம்.

மார்பு நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஆசியப் பழுப்பின் மார்பிலும் சாம்பல் கலந்த மங்கல் உண்டு. பழுப்பு மார்பில் வெள்ளைத் தொண்டை தனியாக எடுத்துக்காட்டும், சிறகு இறகுகளின் ஓரம் செம்பழுப்பாக இருக்கும்.

இருக்கும் இடமும் உதவும். வெளிச்சமான கொப்பில் எல்லாருக்கும் தெரியக் குந்துவது பெரும்பாலும் ஆசியப் பழுப்பு. மற்றது கூச்சக்காரன், அடர்ந்த பற்றையின் நிழலில், தாழ்வாக, அசையாமல் இருக்கும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் தேடுங்கள். இரண்டும் வலசை வருபவை. ஒக்டோபரில் வந்து ஏப்ரல் அளவில் திரும்பிவிடும்.

கேள்வி: படம் எடுத்தால் கால் எப்போதும் கறுப்பாகவே விழுகிறது. ஏன்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பின்னால் வானம் வெளிச்சமாக இருந்தால் கமரா குருவியை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஆக்குங்கள், அல்லது இலை பின்னணியாக வரும் பக்கம் மாறி நில்லுங்கள். தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மி.மீ.) போதும். 10 மடங்கில் கை நடுக்கம் கூடித் தெரியும்.

கேள்வி: பழுப்பு மார்பு ஈபிடிப்பானுக்கும் பருத்தித்துறைக்கும் தொடர்பு உண்டாமே?
– வாசகர், நெல்லியடி

பதில்: உண்டு. அதன் அறிவியல் பெயர் மஸ்கிகாப்பா முத்துவி. 1854இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் எட்கர் லேயார்ட் இந்த இனத்தை அறிவியலுக்கு விவரித்தது பருத்தித்துறையில் கிடைத்த குருவியை வைத்து. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய பணியாள் முத்து.