கருப்பு நாயை ஓவியத்துக்காகப் படம் எடுக்க

சகோ, உங்கள் கன்னி இன நாயின் முகம் எல்லாப் படத்திலும் ஒரே கருப்பாக விழுகிறது, ஓவியர் வேறு படம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நாய் மேல் குறை இல்லை. பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர்தான் காரணம். போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப அளந்து முகத்தை இருட்டாக்கிவிடுகிறது.

காலையில் வாசல் நிழலில், வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். பின்னால் மரக்கதவோ செடியோ இருக்கட்டும். நீங்கள் தரையில் படுத்து, அதன் கண் மட்டத்தில் எடுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால், முடி முடியாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் படலம் பச்சையாக மின்னி, கண்ணின் நிறமே தெரியாமல் போகும். மிகக் கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும், ஆறடி தள்ளி இருந்து 2 மடங்கு ஜூம் வையுங்கள்.

எங்கள் வீட்டு நாயைப் படம் எடுக்கும்போது பிஸ்கட் கவரைக் கசக்கினேன். காது நிமிர்ந்து, தலை லேசாகச் சாய்ந்தது. அந்த நொடிப் படத்தைத்தான் ஓவியர் எடுத்துக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள், தெளிவு குறையாது. புருவத்து மேல் இருக்கும் அந்தப் பழுப்புப் பொட்டை மட்டும் கிட்டத்தில் தனியாக எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.