வாசகர் கேள்வி – பதில்: யோவாகிமின் வயலின்

கேள்வி: பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவில் வரும் கடென்சாவை அவர் எழுதவில்லை என்று என் வயலின் ஆசிரியை சொல்கிறார். அப்படியானால் எழுதியவர் யார்? அவர் வாசித்ததை இன்று கேட்க முடியுமா?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: ஆசிரியை சொன்னது சரிதான். கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. வாத்தியக் குழு ஓய்ந்திருக்க, வயலின் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியே கடென்சா. அதை இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதாமல் விட்டுவைத்தார். 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக் நகரில் அந்தப் படைப்பு அரங்கேறியபோது பிராம்ஸ் குழுவை நடத்த, வயலின் வாசித்த யோசஃப் யோவாகிம் எழுதிய கடென்சாவே இன்றும் பெரும்பாலோர் வாசிப்பது.

யோவாகிம் 1831-ல் அன்றைய ஹங்கேரியின் கிட்சே என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் யோசஃப் போமிடம் பயின்றபின் லைப்சிக் சென்று இசையமைப்பாளர் மெண்டல்சோனின் அரவணைப்பில் வளர்ந்தார். 1806-ல் அரங்கேறியும் அதிகம் வாசிக்கப்படாமல் கிடந்த பேத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை, 1844 மே 27 அன்று லண்டனில், மெண்டல்சோன் குழுவை நடத்த, பதின்மூன்று வயதுகூட நிரம்பாத இந்தச் சிறுவன் வாசித்தான். அந்தப் படைப்பு மேடையில் நிலைபெற்றதற்கு அந்த மாலை பெரிய காரணம்.

பிறகு வைமாரில் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் குழுவிலும், அடுத்து ஹனோவர் அரசவையிலும் பணிபுரிந்தார். 1853-ல் இளைஞர் பிராம்ஸை மூத்த இசையமைப்பாளர் ஷூமானிடம் அனுப்பிவைத்தவர் இவர்தான். லிஸ்ட்டின் புதுப்பாணி தமக்கு ஒவ்வாது என்று 1857-ல் அவருக்கே கடிதம் எழுதிய நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் தமக்காக ஷூமான் 1853-ல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை யோவாகிம் மேடையேற்றாமல் மறைத்து வைத்ததை ஏற்க மனம் வரவில்லை. அது 1937-ல்தான் அரங்கேறியது.

மனைவி அமாலியே பாடகி. மணமானபின் ஓபரா மேடையைத் துறந்தவர். அவர்மேல் யோவாகிமுக்கு எழுந்த சந்தேகம் விவாகரத்து வழக்கில் முடிந்தது. அமாலியேக்கு ஆதரவாகப் பிராம்ஸ் எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் காட்டப்பட, முப்பதாண்டு நட்பு முறிந்தது. வயலினுக்கும் செல்லோவுக்குமாக 1887-ல் பிராம்ஸ் எழுதிய இரட்டைக் கான்செர்ட்டோ அந்த முறிவை ஒட்டவைக்க அனுப்பிய தூதுதான். யோவாகிமும் அதை ஏற்று வாசித்தார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பெர்லின் இசைக்கல்லூரியை நெடுங்காலம் நடத்திவந்த யோவாகிம், 1907-ல் இறப்பதற்கு நான்காண்டு முன்பு, தம் எழுபத்திரண்டாம் வயதில், இசைத்தட்டின் ஐந்து பக்கங்கள் அளவுக்கு வாசித்துப் பதிவு செய்தார். பாக்கின் இரண்டு பகுதிகள், பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள் இரண்டு, யோவாகிமே இயற்றிய ரொமான்ஸ் என்னும் சிறு படைப்பு ஒன்று, அவ்வளவுதான். நீங்கள் கேட்ட கடென்சா அவற்றில் இல்லை.

பாக்கின் ஜி மைனர் அடாஜியோவிலிருந்து (மெதுவாக நகரும் பகுதி) தொடங்குங்கள். தட்டின் இரைச்சலுக்குக் காது பழகச் சற்று நேரமாகும். பழகியபின் கவனியுங்கள்: விரலை அசைத்துச் சுரத்தை அதிரவைக்கும் வைப்ரேட்டோ அரிதாகவே வருகிறது, நீண்ட சுரங்கள் நேர்கோடாய் நிற்கின்றன, சில இடங்களில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் வழுக்கிச் செல்வது தெளிவாகவே கேட்கிறது.