உலகத்தரமும் சட்டாம்பிள்ளையும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பு. அரசு உதவிபெறும் பள்ளியில் சமச்சீர்ப் பாடத்திட்டம். சொந்தக்காரர்கள் எல்லாரும் பிள்ளைகளை ஐ.பி., கேம்பிரிட்ஜ் என்ற வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மனப்பாடம் கிடையாது, யோசிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது மாற்றிவிடலாமா என்று கணவர் கேட்கிறார். இரவில் தூக்கம் வருவதில்லை. நம் பாடத்திட்டம் உலகத்தரத்துக்கு வரவே வராதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

முதலில் நகையை அடகு வைக்காதீர்கள். ஐ.பி.யா கேம்பிரிட்ஜா என்ற விசாரணைக்குள் நான் போகப்போவதில்லை. 'உலகத்தரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் சில வாரங்களாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது. அதனால்தான் இந்தப் பதில்.

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர், அங்கே சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையாகவும் இருந்தவர். ஆற்று மணலைச் சலித்துத் திண்ணையில் பரப்புவார்களாம். அவர் 'அ' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத, சின்னப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே எழுதுவார்கள். தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடியும் எழுத்து. என் விரலைப் பிடித்து அவர் எழுதவைத்தது சிமெண்டுத் தரையில். அந்தச் சொரசொரப்பு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பாளரானார். இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

நம் பெருமையைப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏற முடியாத திண்ணை அது. நான் கேட்பது வேறு: இங்கிருந்து போனது எது? ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் போனது. 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், நம் பள்ளிகள் எழுதக் கற்றுத்தரும் சிக்கனத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் புகழ்கிறார், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்கிறார். கூடவே நம் பள்ளிகளின் பெரிய குறைகள் இரண்டு என்கிறார்: படிக்க வைத்திருக்கும் புத்தகங்கள், தேர்ந்த ஆசிரியர்கள் இல்லாமை. பிள்ளைகள் அர்த்தம் புரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்றும் வருத்தப்படுகிறார். 200 வருஷம் ஆகிவிட்டது!

கல்வி முறை ஒன்று ஊர்விட்டு ஊர் போகும்போது பெயர் போகும், பாட அட்டை போகும், செலவைக் குறைக்கும் வழி போகும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிற ஆள் போவதில்லை. அந்த ஆளை இங்கேதான் உண்டாக்க வேண்டும். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான, படிப்படியாக ஏறிப் படிக்கும் ஏணிப்படி அட்டைகளை வைத்து நம் தொடக்கப்பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்ததே, அதை உயிரோடு வைத்திருந்த வகுப்பையும் பார்த்திருக்கிறேன், அட்டை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்த வகுப்பையும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே அட்டைதான்.

'வரவே வராதா' என்று எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. மகனின் கணக்குப் புத்தகத்தைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டுப் பள்ளியை எடைபோடுகிறீர்கள், புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அரசுகளும் இதைத்தான் செய்தன. 15 வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வான பீசாவில் (PISA) தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 கடைசியில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடியில் இருந்தன. எந்தக் கேள்வியில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பதை விட்டு, அடுத்த சுற்றுக்கே இந்தியா போகவில்லை.

அந்தத் தேர்வின் பழைய கேள்வி ஒன்றை, எட்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போன மாதம் கொடுத்தேன். ஒரு நிமிஷத்தில் எடுத்துவைக்கும் காலடிகளின் எண்ணிக்கையை, ஒரு காலடியின் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால் ஏறக்குறைய 140 வரும். நிமிஷத்துக்கு 70 காலடி வைப்பவரின் காலடி நீளம் எவ்வளவு? அரை மீட்டர் என்று உடனே போட்டுவிட்டாள். அப்புறம் கேள்வியை மறுபடி படித்தாள். "இது ஆம்பளைங்களுக்குன்னு போட்டிருக்கே. எனக்கு எவ்வளவு வரும்?"

எனக்குத் தெரியவில்லை. சரி, நடந்தே பார்ப்போம் என்று நாடாவை எடுத்தேன். தாழ்வாரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, என் கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷத்தில் 96 அடி, ஓர் அடி 60 சென்டிமீட்டர். வகுத்தால் 160. அளந்தது தப்பா என்று மூன்று முறை நடந்தாள். உயரம் காரணமா, வேகம் காரணமா என்று தம்பியையும் இழுத்துவந்து நடக்கவிட்டாள். நேற்று சாயங்காலம் அவள் பாட்டியும் கோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார்.