வண்டியைத் தூக்கிய பிறகும் பாக்கியா? கேள்வி பதில்

சேலத்தில் வாகன பைனான்ஸ் நிறுவனம் ஒன்றின் வசூல் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது கடன் வாங்கியவர்கள் பக்கம் நின்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, டியூ கட்ட முடியாமல் போனதால் என் குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியை சீஸ் செய்துவிட்டார்கள், அதாவது பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்து 1,90,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, இன்னும் 1,86,400 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். வண்டியே போய்விட்டதே, நான் ஏன் கட்ட வேண்டும்? – ஓட்டுநர், ஆத்தூர்

வண்டி கடனுக்கு ஈடு மட்டும்தான். விற்ற பணம் போதவில்லை என்றால் மீதி உங்கள் பொறுப்பு. ஆனால் அந்த மீதி எவ்வளவு என்பதை அவர்கள் வாயால் சொன்னால் போதாது. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன்: அசல் 2,84,000, நிலுவை வட்டி 21,400, அபராதம் 38,000, சீஸிங் செலவு 15,000, யார்டு (பிடித்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) வாடகை 18,000. மொத்தம் 3,76,400. இதில் விற்ற பணத்தைக் கழித்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு வரியையும் உங்கள் கடன் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பாருங்கள். கடைசி மூன்று வரி 71,000 ரூபாய். பேச வேண்டிய இடம் அதுதான். அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. சீஸிங் செலவுக்கு ரசீது கேளுங்கள். யார்டு வாடகை நாளுக்கு 100 ரூபாய் வீதம் 180 நாள். வண்டியை அத்தனை நாள் விற்காமல் போட்டு வைத்தது அவர்கள். வாடகை மட்டும் உங்கள் தலையிலா?

யார்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் டயர் வெடித்துக் கிடக்கும், பேட்டரி காணாமல் போயிருக்கும், சீட்டைக் கிழித்து எலி கூடு கட்டியிருக்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டி ஆறே மாதத்தில் காயலான் கடைச் சரக்காகிவிடும். அதனால் சீஸ் செய்த அன்று எழுதிய சாமான் பட்டியல், மதிப்பீட்டு அறிக்கை, ஏலத்தில் வந்த விலைகள், விற்பனைக்கு முன் உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸ் எல்லாவற்றின் நகலையும் பதிவுத் தபாலில் கேளுங்கள். விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு தர வேண்டும் என்ற விதி கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது பைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த நிபந்தனை. நோட்டீஸே வரவில்லை என்றால் பேரம் பேச உங்கள் கையில் நல்ல பிடி இருக்கிறது.

அண்ணே, மச்சானுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இப்போது என்னைத்தான் தேடி வருகிறார்கள். முதலில் அவரிடம் கேட்க வேண்டாமா?

வேண்டியதில்லை தம்பி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி உங்கள் பொறுப்பும் அவருடையதும் ஒன்றுதான். நேராக உங்களிடமே வரலாம். நீங்கள் கட்டினால் மச்சானிடமிருந்து வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வக்கீலிடம் 141ஆம் பிரிவையும் காட்டுங்கள். ஈட்டுப் பொருளை நிறுவனமே இழந்துவிட்டாலோ, உங்கள் சம்மதம் இல்லாமல் கைவிட்டாலோ, அதன் மதிப்பளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுவார் என்கிறது அது.

சென்னையில் ஆர்பிட்ரேட்டர் (நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கை விசாரிக்கும் நடுவர்) முன் ஆஜராகச் சொல்லித் தபால் வந்தது. போகவில்லை. என்ன ஆகும்?

நான் அதிகம் வருத்தப்படும் தவறு இது. நீங்கள் போகாவிட்டாலும் தீர்ப்பு வந்துவிடும். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதை வைத்து நேராக நிறைவேற்று மனு போட்டு சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். நிறுவனம் தன் இஷ்டத்துக்குத் தானே ஆர்பிட்ரேட்டரை நியமித்திருந்தால் அதை எதிர்க்க வழி இருக்கிறது. 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒருதலை நியமனத்தை ஏற்கவில்லை. ஆனால் ஆட்சேபத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். தீர்ப்பு கைக்கு வந்துவிட்டதா? ரத்து கேட்க மூன்று மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

மூன்று வருடம் ஆனால் கடன் காலாவதியாகிவிடும் என்கிறார்களே?

வழக்குப் போடும் காலம் பொதுவாக மூன்று வருடம், உண்மைதான். ஆனால் அதற்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். “சும்மா ஐந்நூறு ரூபாய் போடுங்க சார், மேலதிகாரியிடம் பேசிவிடுகிறேன்” என்று ஏஜென்ட் கேட்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். கணக்கு கைக்கு வருவதற்கு முன் பணமும் கொடுக்காதீர்கள், “அடுத்த மாதம் தருகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் வைக்காதீர்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். பக்கத்து வீட்டில் போய் என் கடனைச் சொல்கிறார்கள்.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தக் கூடாது. தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் குறித்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. கைவைத்தாலோ மிரட்டினாலோ காத்திருக்காமல் காவல் நிலையம் போங்கள்.

பாதிக்கு செட்டில்மென்ட் தருகிறார்கள். கட்டலாமா?

முடிந்தால் கட்டுங்கள். முதலில் கடிதம், அப்புறம் பணம். தொகை, கெடு, “இதற்கு மேல் பாக்கி இல்லை” என்ற வரி மூன்றும் நிறுவனத்தின் கடிதத்தாளில் இருக்க வேண்டும். ஏஜென்ட் கையில் ரொக்கம் வேண்டாம், கடன் கணக்கில் போடுங்கள். கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள். அவை வங்கியில் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவுப்படி கிரிமினல் வழக்கு வரும், நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள்தான் இருக்கும். உங்கள் கடன் வரலாற்றைக் குறித்து வைக்கும் சிபிலில் “செட்டில்டு” என்று பதிவாகும், அடுத்த கடன் வாங்க அது இடைஞ்சல்தான்.

விற்ற வண்டிக்கு இன்னும் என் பெயரில் அபராதச் சலான் வருகிறது.

ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) இன்னும் மாறவில்லை என்று அர்த்தம். அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்கும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பதிவில் இருப்பவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீஸ் செய்த தேதி, விற்ற தேதி இரண்டையும் எழுதி நிறுவனத்துக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் இன்றே பதிவுத் தபால் போடுங்கள்.

என் கணவர் ஆட்டோ ஓட்டினார், இறந்துவிட்டார். வண்டியை எடுத்துப் போனார்கள். பாக்கியை நான் கட்டணும் என்கிறார்கள். – ஒரு தாய், தர்மபுரி

அம்மா, கடன் பத்திரத்தில் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும்தான் கேட்க முடியும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். கடன் கொடுத்தபோது முழுத்தொகையும் கைக்கு வந்ததா, கொஞ்சம் பிடித்துக்கொண்டார்களா? பிடித்ததில் ஆயுள் காப்பீட்டு பிரீமியமும் இருந்திருக்கலாம். இருந்தால் அந்தக் காப்பீடே கடனை அடைக்கக்கூடும், சொல்லாமலே விட்டுவிடுவார்கள். கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து “இன்சூரன்ஸ்” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து அதைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.