பயோஃபிலிம் தொற்றுக்குப் பெப்டைடு மருந்து: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், அப்பாவுக்குச் சர்க்கரை நோய், கால் புண் ஆறவே இல்லை. கல்ச்சர் ரிப்போர்ட்டில் (புண்ணின் கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தது) 'சென்சிடிவ்', அதாவது கேட்கும், என்று வந்த மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஏன் கேட்கவில்லை?

பதில்: ரிப்போர்ட் தப்பாக இருக்க வேண்டியதில்லை. லேபில் சோதிப்பது தனித்தனியாக வளரும் பாக்டீரியாவை, ஆனால் ஆறாத புண்ணில் அவை தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பயோஃபிலிம். உள்ளே ஆக்சிஜனும் சத்தும் குறைவு என்பதால் பல செல்கள் வளராமல் சும்மா கிடக்கும், வளரும் செல்லைத் தாக்கும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. செத்த சதையை அகற்றினார்களா, காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்தை மாற்றுவதைவிட இது முக்கியம்.

கேள்வி: அக்கா, பெப்டைடு மட்டும் எப்படி வேலை செய்யும்?

பதில்: பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கிருமியைக் கொல்லும் பெப்டைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் சவ்வுக்கு எதிர்மின்னூட்டம். போய் ஒட்டிச் சவ்வையே கிழித்துவிடும், செல் வளர்கிறதா தூங்குகிறதா என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. நம் தோலிலும் வெள்ளை அணுக்களிலும் எல்எல்-37 என்று ஒன்று இருக்கிறது, 37 அமினோ அமிலம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கொல்லத் தேவையான அளவைவிட மிகக் குறைவாக இருந்தாலே அது பயோஃபிலிம் கட்டுவதைத் தடுக்கிறது. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

கேள்வி: அப்படியானால் ஏன் இன்னும் களிம்பு வரவில்லை?

பதில்: முயற்சி நடந்தது. 1987-ல் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் மகைனின் என்ற பெப்டைடைக் கண்டுபிடித்தார், அதிலிருந்து பெக்ஸிகனான் என்ற களிம்பு, அதுவும் சர்க்கரைக்காரர் கால் புண்ணுக்கே. 1999-ல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதி மறுத்தது, 2016-ல் வந்த பெரிய சோதனை முடிவுகளிலும் மருந்தில்லாத வெறும் களிம்பை அது மிஞ்சவில்லை. பொதுவாகவே புண்ணில் உள்ள நொதிகள் பெப்டைடை வெட்டிவிடும், உப்பும் சீழும் அதன் பிடியைத் தளர்த்தும், லேப் தட்டில் இதெல்லாம் கிடையாது.

கேள்வி: கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் பெப்டைடுதானே சார்?

பதில்: (சார் இல்லை, மேடம்!) ஆமாம், பாக்டீரியாவிலிருந்து வந்தது. கிட்னியைப் பாதிக்கக்கூடியது, ஐசியுவில் கடைசிக் கையிருப்பு. அதற்கும் பாக்டீரியாவிடம் எதிர்ப்பு வந்துவிட்டது, அந்த எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு பற்றி 2015-ல் சீனாவிலிருந்து செய்தி வந்தது, 2019-ல் இந்தியா கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. அதனால் பெப்டைடுக்கு எதிர்ப்பே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் எல்எல்-37 ஊசி விற்கிறார்களே, அப்பாவுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மருந்தாக அனுமதி பெறாதது, குப்பியில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி தர முடியாது, அளவு கூடினால் நம் செல்களையும் அது தாக்கும். அந்தப் பணத்தில் கால் புண் பார்க்கும் சர்ஜனிடம் அப்பாவைக் காட்டுங்கள், இந்த வாரமே.