கேரியர் கோச் தேவையா, யாரை நம்பிப் போவது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை மாற்றம், பதவி உயர்வு, துறை மாற்றம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் கேரியர் கோச் (கட்டணம் வாங்கிக்கொண்டு, வேலை தொடர்பான முடிவுகளை நீங்களே எடுக்க உதவுபவர்) பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யாருடைய பெயரும் இல்லை.

கேள்வி: கணக்குப் பிரிவில் 11 வருட அனுபவம். ஆறு மாதமாக வேறு வேலை தேடுகிறேன், ஒன்றும் அமையவில்லை. ஒரு கேரியர் கோச்சைப் போய்ப் பார் என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா, பணம்தான் வீணாகுமா?

ஒன்றும் அமையவில்லை என்கிறீர்கள். எந்தக் கட்டத்தில் அமையாமல் போகிறது என்று எழுதவில்லை. கோச் வேண்டுமா என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது. கடைசியாக அனுப்பிய 30 விண்ணப்பங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: என்ன பதவி, அழைப்பு வந்ததா, எந்தச் சுற்றோடு நின்றது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் கோச்சிடம் போனால், முதல் செஷனில் காசு கொடுத்து இதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள்.

30-ல் ஒன்றிரண்டுக்குக்கூட அழைப்பு வரவில்லையா? கோளாறு ரெஸ்யூமேயில் இருக்கலாம், நீங்கள் குறிவைக்கும் பதவியிலும் இருக்கலாம். விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளை உங்களிடம் இருப்பவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிகூடப் பொருந்தவில்லையென்றால் தேடும் பதவியை மாற்ற வேண்டும். பெரும்பாலானவை பொருந்தியும் கூப்பிடவில்லையென்றால் ரெஸ்யூமேயைத் திருத்த வேண்டும். அதற்குக் கோச் தேவையே இல்லை. உங்கள் துறையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் ஒருவர் அரை மணி நேரம் பார்த்துச் சொன்னால் போதும். "மாதாந்திரக் கணக்கு முடிக்கும் பொறுப்பு" என்ற வரியில் அவர் கண் நிற்காது. "மூன்று கிளைகளின் மாதக் கணக்கை முடிக்க 9 நாள் ஆனதை 5 நாளாகக் குறைத்தேன்" என்று உங்கள் வேலையில் உண்மையாகவே நடந்ததை எழுதியிருந்தால் நிற்கும். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்பதற்காகவே கூப்பிடுவார்கள்.

முதல் சுற்றுக்குக் கூப்பிடுகிறார்கள், அதற்குமேல் போவதில்லை என்றால் ரெஸ்யூமே சரியாகத்தான் இருக்கிறது. பேச்சில்தான் எங்கோ இடிக்கிறது. மாதிரி இன்டர்வியூ இரண்டு மூன்று நடத்தி, செல்போனில் பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டி எங்கெங்கோ போகிறதா, பழைய மேலதிகாரியைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறுகிறதா என்பதெல்லாம் பதிவில் பளிச்சென்று தெரியும். முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய நண்பர் இருந்தால் அவரே போதும். அப்படி யாரும் இல்லாவிட்டால் இதற்கென்று மட்டும் கோச்சிடம் இரண்டு செஷன் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிச் சுற்று வரை போய் நழுவிக்கொண்டே இருப்பவர்கள், ஆஃபர் கையில் இருந்தும் மனம் ஒப்பாதவர்கள், இதே துறையில் இருப்பதா விலகுவதா என்று வருடக்கணக்கில் குழம்புபவர்கள் – இவர்களுக்குத்தான் கோச் நிஜமாகவே உதவுவார். இவர்களுக்குப் பெரும்பாலும் தகவல் குறைவாக இருக்காது. என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது தங்களுக்கே தெளிவாகாமல் இருக்கும். வீட்டாரும் நண்பர்களும் நல்ல மனதோடு ஆலோசனை சொல்வார்கள். ஆனால் நம் முடிவால் பாதிக்கப்படப் போகிறவர்களும் அவர்களே என்பதால் அந்த ஆலோசனையில் அவர்கள் பயமும் கலந்திருக்கும். அந்தப் பயம் இல்லாத ஒருவர் விடாமல் கேள்வி கேட்பதும், சொன்னதைச் செய்தீர்களா என்று இரண்டு வாரம் கழித்து விசாரிப்பதும் பெரிய உதவி.

கேள்வி: கோச், மென்டர், கவுன்சலர், ரெக்ரூட்டர் எல்லாம் ஒன்றா?

இல்லை. மென்டர் உங்கள் துறையிலேயே முன்னால் போனவர். தன் அனுபவத்திலிருந்து வழி சொல்வார், வழக்கமாகப் பணம் வாங்க மாட்டார். கோச் உங்கள் துறை தெரியாதவராகக்கூட இருக்கலாம். முடிவை நீங்களே எடுக்க வைப்பதுதான் அவர் வேலை. ரெக்ரூட்டர் நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருபவர். அவருக்குப் பணம் கொடுப்பது அந்த நிறுவனம், ஆகவே அவர் நிறுவனத்தின் ஆள். ரெக்ரூட்டர் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மனக் கஷ்டங்களுக்குப் பேசி உதவும் கவுன்சலர், மனநல மருத்துவர் விஷயம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், காலையில் எழுந்திருப்பதே பாரமாக இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வேலையை மாற்றினால் சரியாகிவிடும் என்று அந்த நிலையில் தோன்றுவது இயல்பு. அந்த நேரத்தில் எடுக்கும் வேலை முடிவுகளை ஒத்திப்போடுவதே நல்லது. ஒழுங்கான கோச் இதைக் கவனித்து, அவரே உங்களை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.

கேள்வி: இணையத்தில் நூற்றுக்கணக்கான கோச்சுகள், எல்லாருடைய பெயருக்குப் பின்னாலும் ஏதோ மூன்றெழுத்து. எப்படிப் பிரித்தறிவது?

பெரும்பாலான நாடுகளில் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ள உரிமமோ பதிவோ தேவையில்லை. நேற்று வேலையை விட்டவர் இன்று கோச் ஆகலாம். அதனால் அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துவைத்திருப்பது உதவும். 1995-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மூன்று நிலைச் சான்று தருகிறது. முதல் நிலையான ஏ.சி.சி.க்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் ஆட்களுக்குக் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். எம்.சி.சி.க்கு 200-ம் 2,500-ம். சான்றை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒருவரிடம் அது இப்போது இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். "சான்று பெற்ற கோச்" என்று மட்டும் எழுதியிருந்தால், யார் கொடுத்த சான்று என்று கேளுங்கள். வார இறுதி வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டதற்கான காகிதத்தையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தச் சான்று, கேள்வி கேட்கவும் காது கொடுத்துக் கேட்கவும் பயின்றிருக்கிறார் என்பதற்குத்தான் சாட்சி. வேலைச் சந்தையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மூவரிடமும் முதல் பேச்சு பேசுங்கள். பலரும் இந்த 20, 30 நிமிடத்துக்குப் பணம் வாங்குவதில்லை. அப்போது இவற்றைக் கேளுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் என் நிலையில் எத்தனை பேர் உங்களிடம் வந்தார்கள்? அதில் யாருக்கு ஒத்துவரவில்லை, ஏன்? முதல் செஷனில் என்ன நடக்கும்? செஷன்களுக்கு நடுவில் நான் என்ன செய்ய வேண்டும்? எப்படிப்பட்டவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவீர்கள்?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். "என்னிடம் வந்த எல்லாருக்கும் வேலை கிடைத்தது" என்பவரை விட்டுவிடலாம். வேலை கொடுப்பது நிறுவனம். கோச் கையில் அது இல்லை. "வந்தவர்களில் சிலர் தாங்களாக யாரிடமும் போய்ப் பேசத் தயாராக இல்லை, அவர்களுக்குப் பெரிய மாற்றம் வரவில்லை" என்பது போலப் பதில் சொல்பவருக்குத் தன் வேலையின் எல்லை தெரிந்திருக்கிறது. பேச்சு முடிந்ததும் இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: யார் அதிகம் பேசினார்கள்? அரை மணியில் இருபது நிமிடம் அவரே பேசியிருந்தால் செஷனும் அப்படித்தான் போகும்.

நன்றிக் கடிதங்களையும் நட்சத்திரங்களையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்தி அடைந்தவர்களுடையதைத்தான் போடுவார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச முடியுமா என்று கேட்கலாம். ரகசியம் காக்க வேண்டியிருப்பதால் மறுத்தால், அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கோச் 12 செஷனுக்கும் மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார். இன்றைக்கே கட்டினால் பாதிக் கட்டணமாம். கடன் அட்டையில் கட்டிவிடலாமா?

வேண்டாம். வாழ்க்கை முடிவை நிதானமாக எடுக்க உதவ வேண்டியவர், தன்னைத் தேர்ந்தெடுக்கவே ஒரு நாள்கூட அவகாசம் தர மறுக்கிறார். இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு தெளிவான கேள்வியோடு போகிறவருக்கு 4 முதல் 6 செஷன் போதுமானதாக இருக்கும். ஒவ்வொன்றும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு வார இடைவெளி வேண்டும். அப்போதுதான் நடுவில் நாலு பேரிடம் பேசவும் விண்ணப்பம் அனுப்பவும் முடியும். வாராவாரம் வைத்தால் செய்ததைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. முதலில் இரண்டு அல்லது மூன்று செஷனுக்கு மட்டும் கட்டுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: எத்தனை செஷன், எவ்வளவு நேரம், என்ன நோக்கம், நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் எப்போது திரும்பி வரும், செஷனை ரத்து செய்ய எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும் (24 மணி நேரம் என்பது பரவலான வழக்கம்), பேசியதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற உறுதி. நோக்கம் என்ற இடத்தில் "கேரியர் வளர்ச்சி" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, "நிர்வாகப் பிரிவுக்கு மாறுவதா இல்லையா என்று மூன்று மாதத்துக்குள் முடிவெடுப்பது" என்பது போல மாற்றி எழுதச் சொல்லுங்கள். அப்படி இருந்தால்தான் நடந்ததா இல்லையா என்று கடைசியில் பார்க்க முடியும்.

வேலை இல்லாத நேரத்தில் கடன் வாங்கிக் கோச்சுக்குக் கொடுப்பதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். அந்தக் கடனே அவசரப்படுத்தி, வந்த முதல் வேலையில் உங்களைத் தள்ளிவிடும்.

கேள்வி: ஆளுமைத் தேர்வு எழுத வைத்து எந்த வேலை பொருந்தும் என்று சொல்கிறார்களே, நம்பலாமா?

பேச்சைத் தொடங்க உதவும், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் எம்.பி.டி.ஐ. தேர்வைச் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கும் வேறு வகை வருகிறது. வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அது ஏற்றதில்லை என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வகை ஆர்வப் பட்டியல் வேலைத் தேர்வுக்கென்றே உருவானது, ஆகவே கொஞ்சம் பயனுள்ளது. ஆனால் அதுவும் எதில் ஆர்வம் என்றுதான் சொல்லும், எதில் திறமை என்று சொல்லாது.

கேள்வி: எனக்குக் கோச் ஏற்பாடு செய்து கட்டணமும் எங்கள் நிறுவனமே கொடுக்கிறது. மனம் விட்டுப் பேசினால் மேலதிகாரி காதுக்குப் போய்விடுமோ?

நியாயமான பயம். பணம் கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர் என்னும்போது எது யாருக்குப் போகும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சரியான முறையில், எத்தனை செஷன் நடந்தது என்பதும் ஒப்புக்கொண்ட நோக்கமும் மட்டும்தான் நிறுவனத்துக்குப் போகும். உள்ளே பேசியது போகாது. முதல் சந்திப்பிலேயே, "என் மேலதிகாரியோ ஹெச்.ஆர். பிரிவோ உங்களிடம் அறிக்கை கேட்டால் அதில் என்ன எழுதுவீர்கள், அனுப்பும் முன் எனக்குக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேலைத் திறன் பற்றி மட்டும் பேசுங்கள். வேறு வேலை தேடும் எண்ணத்தை அங்கே எடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று செஷன் முடிந்துவிட்டது. பேசும்போது நன்றாக இருக்கிறது, வெளியே வந்தால் ஒன்றும் நகரவில்லை. நிறுத்திவிடலாமா?

மூன்றாவது செஷன் இதைக் கேட்பதற்குச் சரியான நேரம். போன தடவை ஒப்புக்கொண்ட வேலைகளை நீங்கள் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள். செய்யவில்லையென்றால் அதையே அடுத்த செஷனின் முதல் விஷயமாக எடுத்துப் பேசுங்கள். தடை எங்கே என்று பெரும்பாலும் அங்கே பிடிபடும். எல்லாம் செய்தும் நகரவில்லை, அல்லது செய்ய வேண்டியது என்று அவர் எதுவுமே கொடுப்பதில்லை என்றால் நிறுத்திவிடலாம். "இந்த நோக்கத்துக்கு இந்த முறை எனக்குப் பொருந்தவில்லை, மீதிக் கட்டணத்தை ஒப்பந்தப்படி திருப்பித் தாருங்கள்" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினால் போதும். தொலைபேசியில் சொன்னால் சமாதானம் பேசி இன்னும் இரண்டு செஷன் இழுப்பார்கள்.